சம்மேளனத்துக்குச் சொந்தமான புருஷன்

தூண் செத்துப்போனதில் தவறு முழுக்கத் தூணுடையதுதான் என்று பனிநடனச் சம்மேளனம் தீர விசாரித்து முடிவு சொல்லிவிட்டது. போட்டியின் நடுவே மனைவியைத் தலைக்கு மேல் தூக்கியபடி பின்பக்கமாகச் சறுக்கிவந்தவன், தளத்தைச் சுற்றியிருக்கும் தடுப்புப் பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டில் சறுக்கு ஷூவின் அடிக்கத்தி மாட்டி மல்லாந்து விழுந்தான். விழும்போதும் அவளைக் கைவிடவில்லை. தன் நெஞ்சின் மேல் வாங்கிக்கொண்டு, பின்மண்டையைப் பனிக்குக் கொடுத்துவிட்டான். அந்த போல்ட்டை அடித்தது சம்மேளனம், ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியின் விளம்பரப் பலகை சாயாமல் நிற்பதற்காக. விசாரணைக் குழு பல அமர்வுகள் கூடி, நிறைய டீ குடித்து, கடைசியில் எழுதியது இதுதான்: போல்ட் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது, வீரர்தான் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தார்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் கண் கலங்கிப் பேசினார். "தூண் எங்கேயும் போகவில்லை. இந்தப் பனியில்தான் இருக்கிறார். இந்தத் தளத்தில் அவர் மூச்சு இன்னும் உலவுகிறது." எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாதே என்று யாருக்கோ உறைக்க, கைதட்டல் பாதியில் நின்றது. விலாவில் கட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பஞ்சுவுக்கு ஒரு மலர்வளையமும், அலமாரியைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும்படி ஒரு நினைவூட்டலும் கொடுத்தார்கள்.

பஞ்சு, தூண் என்பதெல்லாம் தளத்தில் வைத்த பெயர்கள். அவன் அசையாமல் நின்று பிடிப்பான். அவள் கனமே இல்லாமல் மேலே போவாள். சின்ன வயதிலிருந்து ஜோடியாக ஆடி, ஆடிய பழக்கத்திலேயே கல்யாணமும் செய்துகொண்டவர்கள். வீட்டில் வைத்த பெயர்கள் கல்யாணப் பத்திரிகையில் ஒருநாள் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றுவிட்டன.

செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதலில் எல்லோரும் வந்தார்கள். பிறகு எல்லோரும் போன் செய்தார்கள். அப்புறம் அவளைத் தெருவில் பார்த்தவர்களுக்கு எதிர்ச்சாரியில் ஏதோ வாங்கவேண்டிய ஞாபகம் வந்தது. அந்தக் கட்டத்தில்தான் அவள் அலமாரியைக் காலி செய்யத் தளத்துக்குப் போனாள்.

அவனுடைய ஷூ, ஒரு ஜோடிக் கையுறை, விறைத்துக் கிடந்த துண்டு. எல்லாவற்றையும் பையில் போட்டாள். தன்னுடைய ஷூவையும் போடப் போனவள், என்ன நினைத்தாளோ, காலில் மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிவிட்டாள். கைபேசியில் அவர்கள் பாட்டை வைத்துத் தடுப்பின் மேல் நிறுத்தினாள். தளத்தில் யாரும் இல்லை.

அவர்கள் ஆட்டத்தில் ஒரு பாய்ச்சல் உண்டு. வேறெந்த ஜோடியும் துணியாதது. அவள் திரும்பிப் பார்க்காமல், முதுகுப்பக்கமாக, அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் எம்பிப் பாய்வாள். கை அங்கே இருக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். பாட்டில் அந்த இடம் வந்தது. அவன் செத்துவிட்டான் என்று புத்தி சொல்லி முடிப்பதற்குள் உடம்பு பாய்ந்துவிட்டது.

கை அங்கே இருந்தது.

"முட்டிய மடக்கு," என்றது பின்னாலிருந்து குரல். "எத்தனை தடவ சொல்றது?"

பனியைவிடச் சில்லென்ற கை. அவளைத் தலைக்கு மேல் கொண்டுபோய், ஒரு சுற்றுச் சுற்றி, பூப்போல இறக்கிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் வெளிறியிருந்தான், விளக்கைப் பின்னால் வைத்த மெழுகுத்தாள் போல.

"நீ செத்துட்ட," என்றாள்.

"தெரியும். பேசிக்கிட்டே ஆடாத. தோள எறக்கு."

உயிரோடிருந்த காலத்திலும் அவன் 'கண்ணே, நீ இல்லாமல் நானில்லை' ரகம் இல்லை. இப்போது அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் வேறு யாரோ என்று அவள் பயந்திருப்பாள். பாட்டு முடியும்வரை இருந்தான். கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் ஆளைக் காணோம். மறுபடி பாட்டை வைத்தாள். பாய்ந்தாள். வந்தான். மறுபடியும் தோளைப் பற்றியே பேசினான். அவள் அழுதுகொண்டே தோளை இறக்கினாள்.

இப்படித் தளத்தில் ஆட வேண்டுமென்றால் சம்மேளனத்தில் பதிவு வேண்டும். பொதுமக்கள் நேரத்தில் போனால் பாட்டு கிடையாது. கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு அலறும் பிள்ளைகள்தான் உண்டு. தனிநபர் பிரிவுக்கு அவள் வயது தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது ஜோடிப் பிரிவு. பஞ்சு சம்மேளன அலுவலகத்துக்குப் போனாள்.

"ஜோடிப் பதிவா? ரொம்ப சந்தோஷம்மா," என்றார் செயலாளர். "வாழ்க்கை நின்னுடக் கூடாது பாருங்க. புதுசா யாரு?"

"பழைய ஆளுதான் சார்."

"பழைய ஆளுன்னா?"

"என் வீட்டுக்காரர்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு தவறிட்டாரேம்மா. நானே மலர்வளையம் வெச்சேனே."

"ஆமா சார். நீங்கதான் வெச்சீங்க."

அவர் பதிவுப் படிவத்தை எடுத்துக் கடைசிவரி வரை படித்தார். அவருக்கு இருந்த சங்கடம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில் கேட்டார்: "அப்ப கையெழுத்து யாரும்மா போடுவாங்க?"

நேரில் பார்த்தால்தான் நம்புவார் என்று அவரைத் தளத்துக்கே கூட்டிப்போனாள். ஆடினாள், பாய்ந்தாள், தூண் வந்து பிடித்தான். செயலாளர் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "இவர யாரு உள்ள விட்டது?"

தகுதிக் குழு கூடியது. தலைவர் நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் விதிக்காரர். விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதால் வந்த பெயர் அது. புத்தகத்தை எழுதியவர்களும் அவரிடம் கேட்டுத்தான் தாங்கள் என்ன எழுதினோம் என்று தெரிந்துகொள்வார்கள்.

"மரணத்தைச் சம்மேளனம் எதிர்க்கவில்லை," என்று தொடங்கினார் தலைவர். "மரணம் யாருக்கும் வரலாம், எங்கள் தளத்திலும் வரலாம். ஆனால் மரணத்தைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துவதை நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது."

"ஐயா, நீங்கதானே சொன்னீங்க, அவர் இந்தப் பனியிலதான் இருக்காருன்னு?" என்றாள் பஞ்சு.

"அது பேச்சும்மா," என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

விதிக்காரர் தொண்டையைச் செருமினார். "விதியில 'இரண்டு நபர்கள்'னுதான் இருக்கு. உயிரோட இருக்கணும்னு எங்கயும் இல்ல. அதுல பிரச்சனை இல்ல. பிரச்சனை வயசு வரம்பு. மத்த பசங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் வயசு ஏறுது. இவரு மட்டும் அப்படியே நிக்கிறாரு. இது அநியாயம் இல்லையா?"

அநியாயம்தான் என்று குழு ஒப்புக்கொண்டது. செத்த பிறகும் வயது ஏறும் என்று வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்தார்; அவருக்குக் காது கேட்காது, வேறு தீர்மானம் என்று நினைத்துவிட்டார்.

அடுத்தது உடல்தகுதி. சம்மேளன டாக்டர் பனியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தூணின் நெஞ்சில் குழாயை வைத்தார். அவருக்குச் சறுக்கத் தெரியாததால் நாற்காலியோடு இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் உன்னிப்பாகக் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு எழுதினார்: நாடித்துடிப்பு மிக மிகக் குறைவு, தலைசிறந்த விளையாட்டு வீரர்களுக்கே வாய்ப்பது. ரத்த அழுத்தம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

"டாக்டர், அவர் செத்துட்டாருங்க," என்றாள் பஞ்சு, யாராவது ஒருவராவது இதைச் சொல்லட்டுமே என்று.

"அது என் பிரிவு இல்லம்மா," என்றார் டாக்டர்.

ஊக்கமருந்துச் சோதனைக்காரர், சிறுநீர் மாதிரி தன் கண்முன்னால் எடுக்கப்பட வேண்டும் என்று கையில் குப்பியோடு பாட்டு முழுக்கக் காத்திருந்தார். ஒன்றும் வராததால் 'ஒத்துழைக்க மறுப்பு' என்று குறித்துக்கொண்டு போனார். அந்தக் குற்றத்துக்குத் தூண் சார்பில் பஞ்சு எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டாள். கட்டிய புருஷனுக்காக இதுகூடவா செய்யக்கூடாது.

ஒருவழியாகப் போட்டி வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. பாய்ச்சலின்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்த சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு அழுகைச் சத்தம். அவள் காதுக்குப் பக்கத்தில் தூணின் குரல்: "அழுவறவங்கள பாக்காத. வளைவு வருது."

மதிப்பெண் வரும்வரை வீரர்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. கேமராவுக்கு முன்னால் கட்டிப்பிடித்து அழுவதற்கென்றே போட்டது. பாட்டு முடிந்துவிட்டதால் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அண்ணன் பக்கம் கொஞ்சம் சாயுங்க," என்றான் கேமராக்காரன்.

"அவரு போயிட்டாருப்பா."

"பரவால்லக்கா, இருக்கற மாதிரி சாயுங்க. ஆங்... அப்படியே இருங்க. கொஞ்சம் சிரிச்சீங்கன்னா நல்லாருக்கும்."

முதலிடம் கிடைக்கவில்லை. தூணின் மேலிருந்து உறைபனித் துகள் உதிர்ந்திருந்தது. உடையின் பாகம் தளத்தில் விழுந்தால் ஒரு புள்ளி குறையும் என்பது விதி. தவிர நடுவர்களில் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார்: 'ஆணின் முகத்தில் உயிரோட்டம் போதவில்லை.'

ஆனாலும் அந்த ஒளிபரப்பை உலகமே பார்த்தது. காதல் மரணத்தை வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனி, 'உறைந்த காதல்' என்று விளம்பரம் செய்தது. சம்மேளனத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் எந்தப் போட்டிக்கும் வந்ததில்லை. தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இதுவரை சம்மேளனம் ஒரே ஒரு வீரரைத்தான் இழந்திருக்கிறது என்பது அவரை உறுத்தியது.

பதிவு பெற்ற ஜோடிகளையெல்லாம் தளத்தில் நிற்க வைத்துப் பேசினார். "பஞ்சுவிடம் இருக்கும் உணர்ச்சி உங்களிடம் ஏன் இல்லை? ஏனென்றால் நீங்கள் இழக்கவில்லை. இருவரும் காலையில் வருகிறீர்கள், இருவரும் மாலையில் திரும்பிப் போகிறீர்கள். அப்புறம் எங்கிருந்து வரும் கலை? நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தடுப்பு ஓரத்தில் அந்த போல்ட்டைச் சம்மேளனம் அகற்றாது. அது இப்போது நினைவுச்சின்னம். பயிற்சி செய்யும்போது அந்தப் பக்கமும் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்."

அன்றிலிருந்து தளத்தில் ஜோடிகள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. நேற்றுவரை கைகோத்து வந்தவர்கள், யார் முதலில் பனியில் இறங்குவது என்று வாசலில் தயங்கி நின்றார்கள்.

தலைவரின் அக்கா ஒருநாள் செயலாளரைப் பார்க்க வந்தார். அக்காவின் மகள் சிட்டு. படிப்பை முடித்துவிட்டு முழுநேரமும் ஆடிக்கொண்டிருந்தவள். சுமாராக ஆடுவாள், சத்தமாகச் சிரிப்பாள். அப்போது பஞ்சு அதே அறையில், அடுத்த பருவத்துப் பதிவுக்காகக் காத்திருந்தாள்.

"ஏன் தம்பி, எங்க சிட்டுவோட ஜோடிப் பையன் இருக்கான்ல," என்றார் அக்கா, காய்கறி விலை விசாரிக்கிற குரலில். "அவன்தான் போயாகணுமா, இல்ல எங்க பொண்ணு போனாலும் செல்லுமா? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன்."

"பொதுவா ஆம்பள போறதுதான் நல்லதும்மா," என்றார் செயலாளர். "தூக்கறது அவங்கதானே. பொண்ணு போயிட்டா அந்தரத்துல என்னத்த தூக்குவாங்க?"

"அதத்தான் நானும் சொன்னேன். ஆனா அந்தப் பையன் பாருங்க, கொஞ்சங்கூட விட்டுக்கொடுக்க மாட்டேங்கறான். ஹெல்மெட் போட்டுக்கிட்டு வர்றான். அவனோட அம்மாவும் கூடவே வந்து உக்காந்துக்கறாங்க. என்ன மனுஷங்களோ."

செயலாளர் 'த்சொ' கொட்டினார். அப்போது இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் பஞ்சுவின் மேல் விழுந்தது. புதிதாக ஒருவரைச் சாகடிப்பதைவிட ஏற்கெனவே செத்தவரைப் பயன்படுத்துவது எவ்வளவு சிக்கனம் என்பது சம்மேளனத்துக்கு அந்த நொடியில்தான் தோன்றியது.

தலைவர் அவளைத் தன் அறைக்கே கூப்பிட்டார். நாற்காலி காட்டினார். அவர் நாற்காலி காட்டினால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"உங்க முட்டி எப்படிம்மா இருக்கு? டாக்டர் கவலைப்படறாரு. இன்னும் எத்தனை நாள் ஆடுவீங்க? தூண் ஒரு பொக்கிஷம். சம்மேளனத்தோட தளத்துல, சம்மேளனத்தோட போட்டியில, சம்மேளனத்தோட போல்ட்டுல போனவரு. சட்டப்படி பாத்தா அவரு எங்க சொத்து. சிட்டுவுக்கு மாத்திக் கொடுத்துருங்க. நீங்க பயிற்சியாளரா இருங்க."

"அவர் என் வீட்டுக்காரர் ஐயா."

"உயிரோட இருந்தவரைக்கும்," என்றார் தலைவர் கனிவாக. "அதுக்கு மேல கல்யாணம் செல்லாது. பதிவுதான் செல்லும்."

"மாட்டேன்னு சொன்னா?"

தலைவர் ஜன்னல் வழியே கீழே தளத்தைப் பார்த்தார். "இந்தப் பனி போட்டு ரொம்ப வருஷமாச்சும்மா. உருக்கிட்டு, தளத்தப் புதுசா போடலாமான்னு ஒரு யோசனை இருக்கு. உருக்கினா எல்லாம் சாக்கடைக்குத்தான் போகும். அவரும் அதோட போயிட்டா... நீங்களே சொல்லுங்க, யாருக்கு லாபம்?"

பஞ்சு சம்மதித்தாள். பதிலுக்கு ஒன்று கேட்டாள்: அவனோடு கடைசியாக ஒருமுறை, தனியாக. தலைவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் தூண் வந்ததுமே அவள் பேச்சைத் தொடங்கிவிட்டாள். பாட்டு போதாதே.

"இனிமே சிட்டு வருவா. என் ஆட்டத்தையே ஆடுவா. பாய்வா. நீ வராத."

"அவ பாய்ஞ்சா?"

"வராதன்னு சொல்றேன்ல. நீ வரலன்னா விட்டுருவாங்க. என்கிட்டயே திருப்பித் தருவாங்க. சத்தியம் பண்ணு."

அவன் அவளைத் தூக்கினான், சுற்றினான், இறக்கினான். "விழுவாளே," என்றான்.

"விழட்டும். விழாத ஆட்டக்காரி யாரு? சத்தியம் பண்ணு!"

"சரி," என்றான். அவன் சரி என்றால் சரிதான். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன எதையும் அவன் மீறியதில்லை. பாட்டு முடிந்தது.

சிட்டுவுக்குப் பாய்ச்சல் கற்றுக்கொடுக்கப் பஞ்சுவுக்கு நேரம் பிடித்தது. பனியில் மெத்தையைப் போட்டு, அதன்மேல் பாயச் சொன்னாள். தூணோடு ஒத்திகை பார்க்கக் கூடாது என்று மேலிட உத்தரவு. 'முதல் சந்திப்பு' நேரலையில்தான் நடக்க வேண்டும் என்று தொலைக்காட்சிக்காரர்களோடு ஒப்பந்தம்.

"அக்கா, எனக்கு இதுல இஷ்டமே இல்ல," என்றாள் சிட்டு, மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி. "மாமா சொன்னா அம்மா கேப்பாங்க. அம்மா சொன்னா நான் கேக்கணும். எங்க வீட்டுல யாருமே சொந்தமா யோசிக்கறதில்ல." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "பின்னாடி மெத்த இல்லாம எப்படிக்கா பாயறது? பயமா இருக்காதா?"

"ஆளு இருக்கும்போது என்ன பயம்?"

"இருப்பாருல்ல?"

"இருப்பாரு," என்றாள் பஞ்சு. அவள் குரல் பிசிறவேயில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"சாரிக்கா," என்றாள் சிட்டு. எதற்கென்று சொல்லவில்லை. எழுந்து மறுபடி மெத்தையின் விளிம்புக்குப் போனாள்.

அந்த நாள் வந்தது. அரங்கம் முழுக்க விளக்கு. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "சிலர் இதைக் கொடுமை என்கிறார்கள். ஒரு விதவையிடமிருந்து கணவனைப் பிரித்துவிட்டோம் என்கிறார்கள். நான் கேட்கிறேன், பிரித்தது யார்? மரணம். நாங்கள் அதை ஒழுங்குபடுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்." கைதட்டல். இந்தமுறை யாரும் பாதியில் நிறுத்தவில்லை.

பஞ்சு தடுப்பு ஓரத்தில் நின்றாள். பாட்டு தொடங்கியது. சிட்டு சிவப்பு உடையில் தனியாகச் சறுக்கிக்கொண்டு வந்தாள். மோசமில்லை. வளைவில் தோளை இறக்கினாள், சொல்லிக்கொடுத்தபடியே. பஞ்சு பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரமாட்டான். விழுவாள். அரங்கம் 'உச்' கொட்டும். தலைவர் முகம் தொங்கிப்போகும். நாளைக்கே செயலாளர் போன் செய்வார். நாளைக்கே அவன் கை.

அந்த இடம் வந்தது. சிட்டு திரும்பிப் பார்க்கவில்லை. 'இருப்பாரு' என்ற ஒரு வார்த்தையை நம்பி, தன் முழு உடம்பையும் பின்பக்கமாக வெறுங்காற்றில் தூக்கிப் போட்டாள்.

பின்னால் யாரும் இல்லை.

கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். சிட்டுவின் கழுத்து முதலில் வளைந்தது. தலை பனியை நோக்கி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரிலும், பின்மண்டை பனியில் மோதும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் பஞ்சு ஒருத்திதான். அவன் நெஞ்சின் மேல் படுத்தபடி அதைக் கேட்டவள்.

"புடி!" என்று கத்தினாள். "ஐயோ, புடிடா!"

கை அங்கே இருந்தது.

பனிக்கு ஒரு சாண் உயரத்தில் சிட்டுவைத் தாங்கி, அப்படியே மேலே கொண்டுபோனான். அரங்கம் எழுந்து நின்றது. பஞ்சு மட்டும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

சிட்டு முதலிடம் பெற்றாள். ஒரு புள்ளி குறைத்தும் முதலிடம். அந்தப் புள்ளி, வெளியிலிருந்து வாய்மொழி உதவி பெற்றதற்காக. வீரர் ஆடும்போது தடுப்பு ஓரத்திலிருந்து யாரும் கத்தக் கூடாது என்று விதி. கத்தியவளுக்குப் பயிற்சியாளர் பதவியும் போயிற்று, பனியில் இறங்க வாழ்நாள் தடையும் வந்தது. தாமதமாக வந்ததற்காகத் தூணுக்கும் வாழ்நாள் தடை விதிக்கலாமா என்று குழுவில் பேச்சு எழுந்தது. அவருடைய வாழ்நாள் முடிந்துவிட்டபடியால் தடையும் முடிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று விதிக்காரர் தெளிவுபடுத்தினார். எல்லோரும் அவருடைய நுட்பத்தை மெச்சினார்கள்.

அதன்பிறகு சிட்டு பாயும்போதெல்லாம் அவன் வந்தான். 'புடி' என்று பஞ்சு சொல்லிவிட்டாள், இல்லையா. வேண்டாம் என்று மாற்றிச் சொல்ல அவளை யாரும் பனிக்குப் பக்கத்தில் விடுவதில்லை. விட்டாலும் என்ன சொல்லுவாள்?

சம்மேளனத்துக்குக் கல்நெஞ்சமில்லை. டிக்கெட் வாங்கினால் பஞ்சுவும் அரங்கத்துக்கு வரலாம் என்று அனுமதித்தது. அடுத்த போட்டிக்கு அவள் வரிசையில் நின்று வாங்கினாள். மேல்தளத்தில், தூணுக்கு மறைவில் என்று எழுதியிருந்த மலிவான இருக்கை. கட்டடத்துத் தூண்.

பாட்டு தொடங்கியது. பாய்ச்சல். அவன் வந்தான். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் ஜோடியாக ஆடியவள், அவன் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எப்போதும் அவன் அவளுக்குப் பின்னால் இருந்தான், அல்லது அடியில் இருந்தான். கை தெரியும், மூச்சு தெரியும், அதட்டல் தெரியும். ஆளை முழுதாக, தூரத்திலிருந்து, இப்படிப் பார்த்ததில்லை. அரங்கத்துப் பெரிய திரையில் பார்த்தாள்: தூக்குவதற்கு முன்னால் கண்ணை ஒரு கணம் மூடித் திறக்கிறான். அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி சோளப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். "எவ்வளவு பொருத்தம் பாருங்க ரெண்டு பேருக்கும். எனக்கு அழுகை நிக்கவே மாட்டேங்குது. நீங்க எப்படிங்க அழாம இருக்கீங்க?"

பஞ்சு கட்டடத்துத் தூணுக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஆளுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருந்துச்சாமே?"

"ஆயிருந்துச்சுங்க."

"அடப்பாவமே. அப்ப அந்தப் பொண்ணு?" பெண்மணி முழு ஆர்வத்தோடு அவள் பக்கம் திரும்பி, தளத்துக்கும் அவளுக்கும் நடுவில் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு இப்ப என்னங்க பண்ணுது?"

கீழே பாட்டு முடியப் போகிற இடத்துக்கு வந்திருந்தது.

"கொஞ்சம் பின்னாடி சாஞ்சு உக்காருங்க," என்றாள் பஞ்சு. "எனக்கு மறைக்குது."